மார்பகப் புற்றுநோயும் கார்-டி செல் சிகிச்சையும்: பாதுகாப்பே முதற்படி

உடலின் சொந்தச் செல்களைக் கொண்டே புற்றுநோயை அழிக்கும் புதிய சிகிச்சை மார்பகப் புற்றுநோய்க்கும் கிடைக்குமா என்று பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் பலர் கேட்கின்றனர். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை அது இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளது. அதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது.

டி செல்கள் நோய்களை எதிர்க்கும் வெள்ளையணுக்களுள் ஒரு வகை. நோயாளியின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லின் மேலுள்ள ஓர் அடையாளப் புரதத்தைக் கண்டறியுமாறு மரபணு மாற்றம் செய்து, பெருக்கி, மீண்டும் அவருக்கே செலுத்துவதுதான் கார்-டி செல் சிகிச்சை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. எனினும் அது சிலவகை இரத்த, நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு மட்டுமே உரியது.

அந்தச் சிகிச்சை பி செல்களைத் தாக்குகிறது. நலமான பி செல்களும் அழியும். ஆயினும் அந்த இழப்பை மருத்துவத்தால் ஈடுசெய்ய இயலும். மார்பகப் புற்றுநோயில் நிலைமை வேறு. ஹெர்-2 போன்ற அடையாளப் புரதங்கள் நுரையீரல், இதயம் ஆகியவற்றிலும் சிறிதளவு உள்ளன. களையெடுக்கும்போது கேழ்வரகுப் பயிரையும் சேர்த்துப் பிடுங்குவது போன்ற ஆபத்து இது. ஹெர்-2 புரதத்தைக் குறிவைத்த கார்-டி செல்களைப் பெற்ற, பெருங்குடல் புற்றுநோய் பரவியிருந்த நோயாளி ஒருவர் கடும் மூச்சுத்திணறலுக்கு உள்ளாகி, ஐந்து நாள்களில் உயிரிழந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2010-இல் பதிவுசெய்தனர்.

அதன்பின் ஆய்வாளர்கள் பல பாதுகாப்பு முறைகளை வகுத்து வருகின்றனர். மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது ஒன்று. இரண்டு சாவிகள் இருந்தால் மட்டுமே திறக்கும் வங்கிப் பெட்டகத்தைப் போல, இரு அடையாளங்கள் சேர்ந்திருக்கும்போது மட்டும் தாக்குமாறு செல்லை வடிவமைப்பது மற்றொன்று. தீங்கு தோன்றினால் ஒரு மருந்தைச் செலுத்தி அச்செல்களையே அழித்துவிடும் ஏற்பாடும் உண்டு.

ஹெர்-2 வகை நோய்க்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் ஊசி வேறு மருந்து. அது கார்-டி செல் அன்று. ஆகவே அச்சத்தால் அதை நிறுத்த வேண்டா. இதயப் பரிசோதனைகளை மட்டும் உரிய காலத்தில் செய்துகொள்ளுங்கள்.

எவரேனும் மார்பகப் புற்றுநோய்க்குக் கார்-டி சிகிச்சை தருவதாகக் கூறிப் பணம் கேட்டால், நிலத்தையோ நகையையோ விற்கும் முன் உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். முறையான ஆய்வு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுவார்கள். விரும்பியபோது விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றால் இன்று பலர் நலம் பெறுகின்றனர். நாளை வரக்கூடிய மருந்துக்காகக் காத்திருந்து, இன்று கிடைக்கும் சிகிச்சையைத் தவறவிடாதீர்கள்.