ஆனையிறவில் ஓர் அழைப்பு

ஜாலான் புசாரில் எங்கள் வீட்டிலிருந்து எப்பக்கம் கார் ஓட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 சாலையோ 321 கிலோமீட்டர்! கடந்த டிசம்பரில் நானும் கணவரும் வாடகைக் காரில் புறப்பட்டோம். சிங்கப்பூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் உள்ளூர் அனுமதி வாங்க மறந்துவிடாதீர்கள்.

மாத்தளையில் மிளகுக்கொடிகள், தம்புள்ளையில் குகைக்கோயில். வவுனியா தாண்டியதும் கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

மாமி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இச்சாலை 1990ல் மூடப்பட்டு, 2002ல் திறந்து, 2006ல் மறுபடி மூடப்பட்டு, 2009ல்தான் மீண்டும் திறந்தது. முதல்முறை மூடியிருந்தபோதுதான் மாமியின் அம்மா காலமானார். இவரால் போக முடியவில்லை. பாதை திறந்த பிறகு, போக மனம் வரவில்லை.

ஆனையிறவில், இருபுறமும் நீர் விரிந்திருக்க, மாமியைக் காணொளியில் அழைத்தேன்.

“பனை தெரியுதோ பிள்ளை?”

கைப்பேசியைச் சன்னல் பக்கம் திருப்பினேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே பதறுபவள் நான். அன்று வாய் திறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மாமி சொன்னார்: “அவனை மெதுவா ஓடச் சொல்லு.”