உங்களுக்குத் தெரியுமா? ஆணி இல்லாமல் இறுகும் வண்டிப் பட்டை

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், அதைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் வளைத்துப் பற்றவைப்பார். அளவு தவறியதல்ல, வேலையின் சூட்சுமமே அதுதான்.

ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். 5 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். பட்டையை 500 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் சுற்றளவில் சுமார் 29 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கும் மேல் கிடைக்கும். வறட்டியும் விறகும் அடுக்கி மூட்டிய தீயிலிருந்து நாலு பேர் குறடுகளால் பட்டையைத் தூக்கி, தரையில் கிடத்திய சக்கரத்தில் இறக்குவார்கள். மரம் பட்டதும் புகை கிளம்பும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாமதித்தால் சக்கரத்தின் மர விளிம்பான வட்டை கருகிவிடும். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் நெருக்கி ஏறும், மூட்டுகள் 'கிறீச்' என்று முனகும். அந்த முனகல்தான் வேலை சரியாக அமைந்ததற்கு அடையாளம்.

கோடையில் மரம் உலர்ந்து சுருங்கும்போது பட்டை தளரும். அதற்குத்தான் சக்கரத்தைக் குளத்து நீரில் ஊறப்போடுவது.

திண்டுக்கல் சந்திப்பு வழியே ஓடிய நீராவி ரயில் என்ஜின்களின் சக்கரங்களிலும் எஃகுப் பட்டையை இப்படியே சூடாக்கித்தான் ஏற்றினார்கள். கணக்கு ஒன்றே. பட்டறைக் கொல்லர் அதைக் கண்ணாலேயே போட்டார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.