லேப்டாப் ‘லாக்’ ஆகிவிட்டதா? அந்த நம்பருக்கு போன் போடாதீர்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெய்வேலியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். சுரங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதற்கும் பதறாத மனுஷர் குரலில் அன்று அவ்வளவு பதற்றம்.

“லேப்டாப்ப யாரோ பூட்டிட்டாங்கம்மா. செவப்பா எழுத்து வருது, உய்யுனு சத்தம் போடுது. மூடுற எக்ஸ் குறியையே காணோம். கீழ மைக்ரோசாஃப்ட்னு ஒரு நம்பர் இருக்கு. பேசிடட்டுமா?”

“பேசவே பேசாதீங்க பெரியப்பா!”

யாரும் எதையும் பூட்டவில்லை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் வெறும் இணையப் பக்கம் அது. பயந்துபோய் நாம் போன் போட வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். போட்டால், ‘சரிசெய்து தருகிறோம்’ என்று ஒரு ரிமோட் ஆப்பை டவுன்லோடு செய்யச் சொல்வார்கள். அதற்கப்புறம் நம் லேப்டாப் அவர்கள் கையில், பேங்க் கணக்கு உட்பட. 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சி.பி.ஐ 76 இடங்களில் நடத்திய சோதனையில் இந்த மாதிரி கால் சென்டர்களும் அடக்கம். அமேசானும் மைக்ரோசாஃப்டும் கொடுத்த புகார்கள் அதற்கு ஒரு காரணம்.

“அப்ப பவர் பட்டனை அமுக்கி அணைச்சிடறேன்” என்றார். அதையும் தடுத்தேன். தெரு சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை எக்ஸெல்லில் போட்டு, சேவ் செய்யாமலேயே வைத்திருந்தார்.

“கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். மூணையும் சேர்த்து அமுக்குங்க.”

ஒவ்வொரு பட்டனாகத் தேடிப் பிடித்து அமுக்கினார். வந்த பட்டியலில் ‘டாஸ்க் மேனேஜர்’, அதற்குள் பிரவுசரின் பெயர், அதைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’. சத்தம் நின்றது. எக்ஸெல் கணக்கு அப்படியே இருந்தது. பிரவுசரை மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

“சுரங்கத்துலயும் இதேதாம்மா. ஒரு கன்வேயர் மக்கர் பண்ணா அந்த லைனைத்தான் நிறுத்துவோம். மொத்த மைன்ஸையுமா நிறுத்துவாங்க?” பெரியப்பா பழைய குரலுக்கு வந்துவிட்டார்.

இந்த மூன்று பட்டன்களுக்கு ஒரு கதை உண்டு. 1981-ல் வந்த ஐ.பி.எம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வதற்காக டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் உருவாக்கியது. இன்றைய விண்டோஸில் இந்த மூன்றையும் அமுக்கினால் கட்டளை நேராக விண்டோஸுக்கே போகும். எந்த வெப்சைட்டும் நடுவில் புகுந்து தடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜரை எழுதியவர் டேவ் பிளம்மர். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தபோது வீட்டில் தன் சொந்த உபயோகத்துக்காக ஆரம்பித்தாராம்! 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி 4.0-ல் அது இடம்பிடித்தது.

மோசடி இல்லாத சாதாரண நாளில் லேப்டாப் ஹேங் ஆனாலும் இதே வழிதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் நேராகவே திறக்கும். ‘மெமரி’ என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்னும் ஆப் மேலே வந்துவிடும். என் லேப்டாப்பில் அது எப்போதும் பிரவுசர்தான், நாற்பது டேப் திறந்து வைத்தால் வேறென்ன நடக்கும்? ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று காட்டினால் ஒரு நிமிடம் பொறுங்கள், பல சமயம் தானாகவே மீண்டு வரும். வராவிட்டால் அதை மட்டும் மூடுங்கள். அந்த ஆப்பில் சேவ் செய்யாதது போய்விடும், மற்றவை தப்பிக்கும். பெயர் புரியாத விண்டோஸ் சமாச்சாரங்களில் கை வைக்காதீர்கள். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ‘சிஸ்டம் மானிட்டர்’ என்று தேடலாம்.

ஒருவேளை வீட்டில் யாராவது ஏற்கெனவே அந்த நம்பருக்குப் பேசி, ரிமோட் ஆப்பையும் போட்டுவிட்டால், முதலில் வைஃபையை அணையுங்கள். பணம் போயிருந்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள், பேங்க்குக்கும் சொல்லுங்கள். தயவுசெய்து, அவர்களைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பல பேர் வீட்டில் சொல்வதே இல்லை.