புகையறிந்து பழுதறிதல்

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த பல சேர்மங்களின் கலவை. அது போதிய காற்றுடன் முழுமையாக எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. இவ்விரண்டிற்கும் மணமில்லை. ஆகவே, நெடுங்காலம் ஓடித் தேய்ந்த மகிழுந்தின் புகையில் புதியதொரு வாடை எழுமானால், எரிய வேண்டியது எரியாமல் வெளியேறுகிறது. அல்லது எரியக் கூடாதது எரிகிறது. இவ்விரண்டில் எது என்று தெளிவதே பழுது காண்பதன் முதற்படியாகும்.

எரியாத பெட்ரோல்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. பழைய மகிழுந்துகளில் இக்கலவையை அமைப்பது கார்புரேட்டர். காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டாலோ, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் முழுவதும் திறவாமல் சிக்கிக்கொண்டாலோ காற்று குறைந்து பெட்ரோலின் பங்கு மிகும். அப்போது புகை கறுத்து, பெட்ரோல் வாடை வீசும். ஸ்பார்க் பிளக் சரிவரத் தீப்பொறி தராதபோதும் இவ்வாடை எழும். எஞ்சினும் சீரின்றிக் குலுங்கும்.

எரியக் கூடாதவை

எண்ணெய் கருகும் நெடியும் நீலப் புகையும் எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். அது எழும் நேரமும் நோக்கத்தக்கது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பியதும் தோன்றிச் சற்று நேரத்தில் மறைந்தால், வால்வுத் தண்டின் ரப்பர் அடைப்புகள் தேய்ந்திருக்கலாம். வேகம் கூட்டும்போதெல்லாம் தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுற வேண்டும்.

இனிப்பான மணமும் கலையாத வெண்புகையும் கூலன்ட் எரியறைக்குள் கசிவதன் அடையாளங்கள். சிலிண்டர் தலைப்பகுதியின் கேஸ்கட் பழுதுபட்டால் இவ்வாறு நேரும். எனினும், வெறும் நீரை ஊற்றி ஓட்டும் வண்டியில் இம்மணம் எழாது. எஞ்சின் சூடேறிய பின்னும் நீடிக்கும் வெண்புகையையும் ரேடியேட்டரில் நீர் குறைவதையும் கொண்டே அங்குப் பழுதை உணர இயலும்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடால் எழுவது. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, 1995 முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பெட்ரோலின் பங்கு மிகுந்த புகை இதனுள் செல்லும்போது, எரிபொருளிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறக்கூடும். எனவே, மாற்றியை ஆராய்வதோடு கலவையின் அளவையும் ஆராய வேண்டும்.

மணமில்லா நஞ்சு

காற்றுக் குறைவால் பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக உண்டாகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக இவ்வளியுடன் பிணைகிறது. அதனால் உடலுறுப்புகளுக்கு ஆக்சிஜன் கிட்டாமல் தலைவலி, மயக்கம், உயிரிழப்பு ஆகியன நேரலாம். புகைக்குழாயில் ஓட்டை விழுந்து, வண்டியின் அடித்தளமும் துருப்பிடித்திருந்தால் இந்நஞ்சு உள்ளே புகும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும், நின்ற வண்டியில் குளிர்சாதனத்தை இயக்கியவாறு உறங்குவதும் இதனாலேயே பேரிடராகின்றன.

வண்டிக்குள் புகைநெடி வந்தால், அதனுடன் மணமில்லா இந்நஞ்சும் வந்திருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, அனைவரும் வெளியேறுவதே முறை. சிறிது நேரத்தில் நெடி தெரியாமற்போனால் பழுது நீங்கிவிட்டது என்று கருதலாகாது. இடைவிடாது நுகரும் வாடையை உணராதிருக்க மூக்கு விரைவில் பழகிவிடும். ஆதலால், நாள்தோறும் ஓட்டுபவர் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், புதிதாக ஏறியவர் நெடி அடிக்கிறது என்றால் அதைப் புறந்தள்ளாமல் வண்டியைச் சோதிக்க வேண்டும்.