பனிக்காலமும் பாம்புப் பயமும்

மார்கழி பிறந்துவிட்டால், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போக நம்மில் பலருக்குக் கால் வராது. வரப்பில் கிடக்கும் வைக்கோல் பிரிகூடப் பாம்பாகத் தெரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று இதை வெளியில் சொல்லாதவர்களும் உண்டு. இது சிரிக்கும் விஷயமல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் சக்தி பாம்புக்குக் கிடையாது. எனவே, பெரும்பாலும் இரவில் நடமாடும் கண்ணாடி விரியன், குளிர் நாட்களில் பகலிலும் வெளியே வந்து வெயில் காயும். ஆள் வந்தாலும் சட்டென்று விலகாமல் சுருண்டு கிடக்கும். இதையடுத்தே சம்பா அறுவடையும் வருகிறது. நெல்லுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும்.

இந்தப் பயம் நம்மை வீட்டில் முடக்கக்கூடாது. எச்சரிக்கையாக மாற வேண்டும். இரவில் டார்ச் விளக்கும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் அவசியம். கம்பைத் தட்டிக்கொண்டே வரப்பில் நடக்கவும். வைக்கோல் போர், விறகு அடுக்கு இவற்றில் கை வைக்குமுன் கம்பால் கிளறிப் பார்க்கவும். வரப்புப் புல்லைச் செதுக்கி, எலி வளைகளை ஒழிக்கவும். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது நல்லது.

கடித்துவிட்டால் கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, உடனே 108-க்குச் சொல்லுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கெடுதலே. மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

பிழைத்து வந்த பிறகும் சிலருக்குத் தூக்கம் வராது. வயல் பக்கம் போக மனம் வராது. இலங்கையில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றும், கடிபட்டவர்களிடம் மனச்சோர்வு நீடிப்பதைக் காட்டியது. இது கோழைத்தனம் அல்ல. முதலில் பகலில், துணையோடு, வரப்பு வரை போய் வரட்டும். பிறகு சிறிது சிறிதாக உள்ளே செல்லட்டும். அப்படியும் தீராவிட்டால் 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே மனநல ஆலோசனை கேட்கலாம்.

பயிருக்கு நோய் வந்தால் மருந்து கேட்கிறோம். மனதுக்கு வந்தாலும் கேட்பதில் வெட்கமில்லை.