இரண்டு புத்தகமாகச் சொல்லுங்கள்

டெல்லி லோதி ரோட்டில் இருக்கிறது மௌசம் பவன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் அது. ஆண்டுதோறும் ஏப்ரலில் தென்மேற்குப் பருவமழை பற்றிய முதல் கணிப்பை இந்தத் துறை வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதற்குமான நீண்டகாலச் சராசரி 87 செ.மீ. அதில் 96 முதல் 104 சதவீதத்துக்குள் பெய்தால் 'இயல்பான மழை' என்பது கணக்கு. உழவரும் வங்கிகளும் அரசும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் எண் இது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத ஒரு தெருவில் பொழுது எப்படி விடிகிறது என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல அசோகமித்திரனின் 'தண்ணீர்' வேண்டும். ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கையின் வாழ்க்கையோடு சென்னைத் தெரு ஒன்றின் குடங்களும் அடிபம்பும் தோண்டிப்போட்ட சாலையும் அந்தச் சிறு நாவலில் பின்னிக் கிடக்கின்றன. படித்து முடித்தவருக்குத் தாகம் என்றால் என்னவென்று புரிந்துவிடும். ஆனால் சென்னைக்கு ஏன் வடகிழக்குப் பருவமழையே உயிர், ஒரு நகரம் தன் ஏரிகளை எப்படி இழக்கிறது என்பதற்கெல்லாம் நாவலில் விடை கிடையாது. அதற்கு வேறு புத்தகம் வேண்டும். 'எதைப் படிக்கலாம்?' என்று கேட்பவருக்கு ஒரே பொருளைப் பற்றிய ஒரு புனைவையும் ஒரு கட்டுரை நூலையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம். பட்டியலில் பத்து நாவலும் பத்து வரலாறும் இருந்தால் போதாது. அவை ஒன்றோடொன்று பேசும்படி இருக்க வேண்டும்.

இப்படிச் சேர்த்துச் சொல்லும் வேலையைப் புத்தகத்தட்டு நமக்காகச் செய்யாது. நூலகத்துக்குள் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் சமூக அறிவியலுக்கு 300, தொழில்நுட்பத்துக்கு 600, இலக்கியத்துக்கு 800. உப்பளத் தொழிலாளியைப் பற்றிய நாவல் 800-களில் நிற்கும். உப்பைச் சுற்றிய வழக்கங்களைப் பற்றிய ஆய்வு 300-களில் நிற்கும். இரண்டும் உப்பைப் பற்றியவைதான் என்றாலும் இடையில் பல அலமாரிகள் கிடக்கின்றன. புத்தகக் கடையிலும் இதே கதைதான்: நாவல் ஒரு பக்கம், கட்டுரை இன்னொரு பக்கம். வகைப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு புத்தகத்தை ஓரிடத்தில்தானே வைக்க முடியும்? சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்து, 1947-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர். 1931-இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்து. அவற்றில் இரண்டின் சாரம், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அந்த விதிகள் நிறைவேற அலமாரி மட்டும் போதாது, இடையில் ஒரு மனிதர் வேண்டும் என்பதால்தான் நூலகர் வாசகருக்கு நேரில் உதவும் பணியை ரங்கநாதன் அத்தனை முக்கியமாகக் கருதினார். பரிந்துரை என்பது அந்த மனிதரின் வேலை. அது அலமாரி பிரித்ததைச் சேர்த்து வைக்கிற வேலை.

உப்பையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் 'கரிப்பு மணிகள்'. எழுதப்போகும் மக்களிடம் நேரில் சென்று, பழகி, கேட்டு எழுதியவர் அவர். வெயிலில் உப்பு வாருகிறவர்களின் கால், கண், கூலி, அந்தக் கூலிக்காகக் கங்காணியிடம் நிற்க வேண்டிய நிலை, அளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு மட்டும் கூடுதலாக வரும் ஆபத்து எல்லாம் நாவலில் உடம்பாக இருக்கின்றன. படிப்பவருக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பு போடும்போது கை கொஞ்சம் தயங்கும். இதோடு ஆ. சிவசுப்பிரமணியனின் 'உப்பிட்டவரை' நூலையும் படிக்க வேண்டும். உப்பைச் சுற்றித் தமிழ்ச் சமூகம் வளர்த்த நம்பிக்கைகள், சடங்குகள், பழமொழிகள், உப்பு வணிகம், உப்பு வரி என்று அது விரிகிறது. உப்பை வீட்டுக்குள் அத்தனை புனிதமாக வைத்த சமூகம், அதை விளைவிக்கிறவரை எங்கே நிறுத்தியது என்ற கேள்வி நாவலில் மட்டும் எழாது, ஆய்வு நூலில் மட்டும் எழாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர் மனத்தில் தானாக எழும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த நடைக்குப் பின் சுதந்திரம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் உப்பளத்துக் கூலிக்காரரின் பாடு எப்படி இருந்தது என்று ராஜம் கிருஷ்ணனிடம் படிக்கும்போது, பாடப்புத்தகத்து வெற்றிக்கு ஒரு பாக்கி இருப்பது தெரிகிறது. இப்படி ஒரு கேள்வியைப் பிறப்பிப்பதுதான் நல்ல இணையின் அடையாளம்.

இணை சேர்ப்பதால் இன்னொரு பயனும் உண்டு: ஒன்று மற்றொன்றைத் திருத்தும். இதற்கு இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நல்ல சான்று. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அவர் 1975-இல் வெளியிட்ட இந்த நாவல் 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமை அதற்கு அடிப்படை. தஞ்சைக் கிராமம் ஒன்றை டெல்லியிலிருந்து வந்த நண்பர்களின் கண் வழியாக நாவல் காட்டுகிறது. படித்த நகரவாசி, கண் முன்னே நடக்கும் அநீதிக்கு எதிரே எவ்வளவு கையாலாகாதவராக நிற்கிறார் என்பதை அத்தனை கூர்மையாகச் சொன்ன தமிழ் நாவல்கள் குறைவு. ஆனால் நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு ஆசிரியர் அவருடைய ஆண்மைக் குறைவை மனோதத்துவக் காரணமாக வைத்தார். இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கூலி உயர்வுக்கான போராட்டத்தை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருக்குகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. என் பார்வையில் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கமும் நெல் உற்பத்தியாளர் சங்கமும் எதிரெதிரே நின்ற வரலாறு, 1969-இல் கூலிப் பிரச்சினைக்காக அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை கமிஷன், கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்கள் 1973-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானது ஆகியவற்றைக் கட்டுரை நூல்களில் படித்தவருக்குத்தான் நாவல் எங்கே விலகுகிறது என்று தெரியும். கீழ்வெண்மணிக்கு நேரில் சென்று எழுதிய மைதிலி சிவராமனின் கட்டுரைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாகவே கிடைக்கின்றன. அதற்காகக் 'குருதிப்புனல்' படிக்க வேண்டாத புத்தகமாகிவிடாது. தீர்ப்பின் வாசகங்கள் சொல்லாத ஒன்றை, அருகில் நின்றும் எதுவும் செய்ய முடியாதவரின் அவமானத்தை, அது சொல்கிறது. இரண்டையும் படித்தவர் நாவலிடம் ஏமாறவும் மாட்டார், நாவலைத் தள்ளவும் மாட்டார்.

நம் பெரிய பரிந்துரைப் பட்டியல் ஒன்றைப் பார்த்தால் இந்தச் சமநிலை எப்படித் தவறியிருக்கிறது என்று தெரியும். லோதி ரோட்டிலிருந்து சில கிலோமீட்டரில், பெரோஸ்ஷா ரோட்டு ரவீந்திர பவனில் இருக்கும் சாகித்திய அகாதெமியின் தமிழ் விருதுப் பட்டியல் அது. விருது பெற்ற புத்தகம் மறுவாரமே கடைகளில் முன்வரிசைக்கு வருகிறது என்பதால், விருதும் ஒரு பரிந்துரையே. முதல் விருது, 1955-இல், ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. 1962-இல் மீ.ப. சோமுவின் பயண நூலான 'அக்கரைச் சீமையிலே'. 1974 முதல் 1989 வரை வழங்கப்பட்ட பதினைந்து விருதுகளில் பத்து கட்டுரை நூல்களுக்குப் போயின. பிறகு காற்று திரும்பியது. 2001 முதல் 2023 வரையிலான 23 ஆண்டுகளில் கட்டுரை நூல் விருது பெற்றது ஒரே ஒரு முறை, 2015-இல், ஆ. மாதவனின் 'இலக்கியச் சுவடுகள்'. மீதியெல்லாம் நாவல், சிறுகதை, கவிதை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டுரை ஓங்கியிருந்த அந்தப் பழைய காலத்திலும் விருது பெற்றவை அநேகமாக இலக்கியத்தைப் பற்றிய நூல்களே. கம்பன், வள்ளுவம், பாரதி, புதுக்கவிதை, மணிக்கொடி என்று இலக்கியம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நிலம், நீர், கூலி, தொழில், நோய் பற்றிய நூல்களுக்கு அதில் இடம் இல்லை. ஆகவே 2024-இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' விருது பெற்றதை முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். ஒரு நகரத்தின் கொந்தளிப்பை ஆவணங்களிலிருந்து எழுதிய வரலாற்று நூலை நாவல் வாசகர்களின் கைக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு அது. அந்த வாய்ப்பை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது இது: நல்ல நாவலே போதும், அது வரலாற்றையும் உள்ளடக்கியது, பக்கத்தில் ஆய்வு நூலை வைப்பது நாவலைச் சான்று கேட்டு அவமதிப்பதாகும். 'கரிப்பு மணிகள்' தகவலுக்காக எழுதப்பட்டதல்ல என்பது உண்மைதான். ஆனால் பிரபஞ்சனைப் பாருங்கள். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தைச் சொல்கின்றன. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாமல் அந்த நாவல்களே இல்லை. நாட்குறிப்பைப் புரட்டியவர், நாவலாசிரியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார், யாருக்குக் குரல் கொடுத்தார் என்று பார்க்கும்போது கற்பனையின் மேல் மரியாதை கூடுகிறது. நாவலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதத்தையும் அளந்தே சொல்ல வேண்டும். இலக்கியப் புனைவு படித்தால் பிறர் மனம் அறியும் திறன் கூடும் என்று கிட், கஸ்தானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. அதே சோதனையை மற்ற ஆய்வாளர்கள் திரும்பச் செய்து 2016-இல் வெளியிட்டபோது அந்த விளைவு தெரியவில்லை. கதை படித்தால் உடனே கருணை வரும் என்று மாத்திரையைப் போல விற்க வேண்டியதில்லை. அந்த உறுதிமொழி இல்லாமலே நாவல் தன் காலில் நிற்கும்.

நேரம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. ஒன்றுக்கே நேரமில்லாதவரிடம் இரண்டைச் சொல்வதா? இதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். கட்டுரை நூலை அப்படிப் படிக்க வேண்டியதில்லை. நாவல் எழுப்பிய கேள்விக்கான அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படித்தால் போதும், மீதி அப்புறம். டெல்லியில் அதிகம் கேட்கும் மறுப்பு இன்னொன்று: பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு உதவும் புத்தகம் போதும், கதைப் புத்தகம் எதற்கு? கரோல்பாக், ராஜேந்தர் நகர் பயிற்சி மையங்களை நம்பி வரும் தமிழ் இளைஞர்களின் பெற்றோருக்கு இந்தக் கவலை இயல்பானது. ஆனால் கிராமத்து மக்களின் மனு கையில் வரும்போது அதன் பின்னால் இருக்கும் வாழ்க்கையை ஊகிக்கத் தெரியாத அதிகாரியை எந்தப் பொது அறிவு நூலும் காப்பாற்றாது. அதிகாரியாகப் போகிறவருக்குத்தான் 'கரிப்பு மணிகள்' முதலில் வேண்டும்.

லோதி எஸ்டேட்டில் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தெருவில் இந்தி. சென்னைப் பிள்ளைக்கு இல்லாத வசதி இது: இணையின் ஒரு பாதி தமிழிலும் மறு பாதி வேறு மொழியிலும் இருக்கலாம். டெல்லியிலேயே வாழ்ந்து, நேஷனல் புக் டிரஸ்டில் பணியாற்றிய ஆதவனின் 'காகித மலர்கள்' தலைநகரத்து மனிதர்களின் போலிமுகங்களைக் காட்டும். நாராயணி குப்தா ஆங்கிலத்தில் எழுதிய டெல்லி வரலாறு, 1803 முதல் 1931 வரை இந்த நகரம் எப்படி உடைந்து மறுபடி கட்டப்பட்டது என்று சொல்லும். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் லோதி தோட்டமே 1936-இல் கைர்பூர் என்ற கிராமத்தை அகற்றி உருவானது. இந்த ஊரில் 1965-இல் தொடங்கிய 'கணையாழி' இதழும் இப்படிக் கலந்துதான் வாசகரிடம் போனது. கதை படிக்க எடுத்தவர் கடைசிப் பக்கத்தில் சுஜாதாவிடம் வேறு உலகங்களைப் படித்தார்.

புத்தகக் காட்சிகளில் அரங்கு போடும் பதிப்பாளர்களுக்கும், டெல்லித் தமிழ்ச் சங்கம் போன்ற நூலகங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு மேசையை ஒதுக்குங்கள். 'கரிப்பு மணிகள்' பக்கத்தில் 'உப்பிட்டவரை' இருக்கட்டும், 'வானம் வசப்படும்' பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஒரு தொகுதி இருக்கட்டும். வாசகரே, உங்களிடம் அடுத்த முறை யாராவது ஒரு நல்ல புத்தகம் கேட்டால், ஒன்றோடு நிறுத்திவிடாமல் அதன் துணைப் புத்தகத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.