புதிய மீனும் பொதுமக்கள் மனமும்

ஒரு பண்டத்தைச் செய்து முடிப்பது வேறு. வாங்குவோர் அதனை மனமுவந்து ஏற்குமாறு செய்வது வேறு. தறியில் அமர்வோரும் ஏர் பிடிப்போரும் இதனை நன்கு அறிவர். கடல் கடந்த நாடுகளில் ஒரு மீனுக்கு நேர்ந்த கதையும் இதையே காட்டுகின்றது. அங்கத்தினர்கள் அறிய வேண்டிய செய்தியாதலின் அதனைச் சுருங்கக் கூறுவோம்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்து மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், 1989-ஆம் ஆண்டில், அட்லாண்டிக் சால்மன் என்னும் மீனின் முட்டையில் விஞ்ஞானிகள் வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி மரபணுவைச் சேர்த்தனர். அம்மரபணுவை இடையறாது இயங்கச் செய்யும் பகுதி மற்றொரு குளிர்கடல் மீனிலிருந்து எடுக்கப்பட்டது. பயன் யாதெனில், விற்பனைக்குரிய எடையை அடைய மூன்றாண்டு வரை பிடிக்கும் மீன், ஏறக்குறைய 18 மாதங்களில் அதனை அடைந்தது. கடலிற் கலவாதிருக்க, இனப்பெருக்கம் செய்ய இயலாத பெண் மீன்களாகவே நிலத்துத் தொட்டிகளில் அவை வளர்க்கப்பட்டன.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி, நீண்ட ஆய்வுகளுக்குப் பின் 2015 நவம்பரில் கிடைத்தது. மரபணு மாற்றிய விலங்கொன்று அந்நாட்டில் உணவுக்கென அனுமதி பெற்றது அதுவே முதன்முறை. கனடாவும் 2016-இல் இசைவளித்தது. உண்போர்க்குத் தீங்கில்லை என இரு நாட்டு அதிகாரிகளும் கூறினர்.

ஆயினும் மக்கள் மனம் இசையவில்லை. அமெரிக்காவின் பெரிய அங்காடிகள் பல அம்மீனை விற்பதில்லை என அறிவித்தன. மீனவர் சங்கங்களும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். மீன் தப்பிக் கடலிற் கலந்தால் விளைவது யாதென அதிகாரிகள் போதிய அளவு ஆராயவில்லை என்று 2020-இல் நீதிமன்றம் கூறியது. கனடாவில் 2017-இல் சுமார் 4.5 டன் மீன் விற்கப்பட்டபோது, மரபணு மாற்றியது என்னும் அடையாளச் சீட்டு அதன்மீது இல்லை; சட்டமும் அதைக் கேட்கவில்லை. உண்டோர் எதை உண்டோம் என அறிய வழியில்லாது போயிற்று. 2021-இல் அமெரிக்காவில் விற்பனை தொடங்கிற்று. பணமுடையால் 2024 டிசம்பரில் நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. அங்காடிகள் கதவடைத்த சரக்குக்கு முதல் திரட்டுதல் எளிதன்று.

இது வெறும் அறியாமையோ? அன்று என்றே நாம் கருதுகிறோம். பியூ ஆராய்ச்சி நிலையம் 2018-இல் அமெரிக்கரிடம் கருத்துக் கேட்டது. மனிதர்க்கு மாற்று உறுப்புகள் கிடைக்க விலங்கின் மரபணுவை மாற்றலாம் என்றோர் 57 சதவிகிதம். சத்து மிகுந்த இறைச்சிக்காக மாற்றலாம் என்றோர் 43 சதவிகிதம். ஒளிரும் அழகு மீனுக்காக மாற்றலாம் என்றோர் 21 சதவிகிதம் மட்டுமே. ஆகவே மக்கள் நோக்கத்தை எடைபோடுகின்றனர். விரைந்து வளரும் மீனால் வளர்ப்போர்க்குப் பயன் தெளிவு. உண்போர்க்கு யாது பயன் என்பது தெளிவாகவில்லை.

2025 ஏப்ரலில், கொடிய நோயொன்றைத் தாங்கும் பன்றிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்துள்ளது. மீனிடம் கேட்ட கேள்விகளை மக்கள் அதனிடமும் கேட்பர்.

நம் சேலை கைத்தறியா, விசைத்தறியா என்பதை வாங்குவோர் கண்ணால் மட்டும் அறிவதரிது. அதனாலன்றோ 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது! முத்திரை விலையை உயர்த்துவதற்கு முன் ஐயத்தை நீக்குகின்றது. புதிய விதையாயினும் கால்நடையாயினும் நம் சங்கங்கள் ஏற்க நேருங்கால், அது யாதென வெளிப்படையாகச் சொல்லி விற்போமாக. மறைத்து விற்ற பண்டம் நல்லதேயாயினும், மறைத்ததே அதற்குக் குறையாகிவிடும்.